வஹிபா மணலில் இரண்டு இரவு, பிள்ளைகளோடும் பாட்டியோடும்

ஓமானின் மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் கடைசியில் பிள்ளைகளுக்கு விடுமுறை. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், மூட்டுவலி உண்டு. என்னிடம் ஃபோர்வீல் வண்டி இருக்கிறது, ஆனால் மணலில் ஓட்டியதில்லை. வஹிபா பாலைவனத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு, சூர் வழியாகக் கடலோரமாகத் திரும்பலாம் என்று ஆசை. முடியுமா? குளிர் தாங்குமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?"

முடியும். தாராளமாகப் போய் வாருங்கள். பதினான்கு வருடமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு தடவையாவது அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். என் சின்னவள் நடக்கப் பழகியதே அந்த மணலில்தான். நான் சொல்லப்போவது எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உள்ளே ஆழமாகப் போகாதீர்கள். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் போதும்.

இப்போது அதற்கு ஷர்கியா மணல் என்று பெயர். பழைய பெயர் வஹிபா, அங்கே வாழும் பழங்குடியின் பெயரால் வந்தது. வடக்கு தெற்காக 180 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 80 கிலோமீட்டர், மொத்தம் ஏறத்தாழ 12,500 சதுர கிலோமீட்டர். இந்த எண்ணைக் கேட்டதும் நடுவில் போய் நின்றால்தான் பாலைவனம் என்று தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை. வடக்கு ஓரத்தில் உள்ள மணல்குன்றுகள் தெற்கு வடக்காக நீளவாட்டில் கிடக்கின்றன. சில இடங்களில் நூறு மீட்டர் உயரம். இரண்டு குன்று வரிசைகளுக்கு நடுவே அகலமான, ஓரளவு கெட்டியான தரை. அந்தப் பள்ளத்தில் மூன்று கிலோமீட்டர் போனாலே ஊரின் விளக்கு வெளிச்சம் குன்றுக்குப் பின்னால் மறைந்துவிடும். வண்டிச் சத்தம் வராது. ஐம்பது கிலோமீட்டர் உள்ளே போனாலும் இதே மணல், இதே வானம், இதே அமைதிதான். கூடுதலாகக் கிடைப்பது பயம் மட்டும். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் அரை மணி நேரத்தில் தார்ச்சாலைக்கு வந்துவிட முடியும் என்ற நினைப்பு இருந்தால்தான் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் வரும்.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை போனபோது ஒரே வண்டி. மஸ்கட்டிலிருந்து கிளம்பவே மத்தியானம் ஆகிவிட்டது. மணலுக்குள் இறங்கும்போது சூரியன் குன்றின் முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. டயரில் காற்றைக் குறைக்கவில்லை. நல்ல இடம் தேடிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போய், ஒரு சரிவில் திரும்பும்போது நான்கு சக்கரமும் புதைந்தன. பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டது. கைபேசியில் ஒரு கோடு கூட இல்லை. என் மனைவி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பழைய பிக்கப் வண்டியின் வெளிச்சம் தெரிந்தது. ஒட்டகங்களுக்குத் தீவனம் கொண்டுபோய்க்கொண்டிருந்த, பெதுயின் என்னும் பாலைவனக் குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். வந்தவர் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து கஹ்வா என்னும் அரபுக் காபியும், பேரீச்சம்பழமும் எடுத்துக் கொடுத்தார். பிறகு டயர்களில் காற்றை இறக்கி, கையாலேயே மணலை வாரி, இருபது நிமிடத்தில் வண்டியை வெளியே எடுத்தார். பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து நான் மதியம் மூன்று மணிக்குப் பிறகு மணலில் இறங்குவதில்லை.

ஆகவே பயணத்தைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். டிசம்பர் கடைசியில் மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கூடாரம் கட்டி, பாய் விரித்து, இரவுச் சமையல் முடிக்க இரண்டு மணி நேரம் வேண்டும். அப்படியானால் மூன்றரைக்கு இடம் பிடித்திருக்க வேண்டும், மூன்று மணிக்கு மணலில் இறங்கியிருக்க வேண்டும், ஒன்றரைக்குள் மணலின் வடக்கு ஓரத்து ஊரான பிதியா வந்துவிட வேண்டும். மஸ்கட்டிலிருந்து பிதியா ஏறக்குறைய 220 கிலோமீட்டர். பித்பித் வழியாக ஷர்கியா விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம். பாட்டியும் சின்னப் பிள்ளையும் இருந்தால் நடுவில் இப்ராவில் இறங்கி நடக்க ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை காலையில் கிளம்பினால் இப்ராவில் பெண்களுக்கென்றே கூடும் சந்தை இருக்கும். உங்கள் அம்மாவும் மனைவியும் போய்வரட்டும், ஆண்கள் வெளியே நின்றுவிட வேண்டும். ஆனால் புதன் கிளம்பினால் இரண்டாம் இரவு வியாழனில் வரும்; வியாழன் மாலையும் வெள்ளிக்கிழமையும் மணலில் கூட்டம் அதிகம். குன்றுகளில் இரவெல்லாம் வண்டி உறுமும். ஞாயிறு தொடங்கி புதனுக்குள் போய்த் திரும்பினால் பாலைவனமே உங்களுக்குத்தான்.

அடுத்தது வண்டி. கட்டாயம் இரண்டு வண்டியாகப் போங்கள். ஒன்று புதைந்தால் மற்றொன்று இழுக்க வேண்டும்; அதற்கு வேறு மாற்று இல்லை. மணலில் ஓட்டிப் பழகிய நண்பர் குடும்பம் ஒன்று கூட வந்தால் மிக நல்லது. வாடகை வண்டியாக இருந்தால், மணலில் ஓட்டுவதற்குக் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

மணல் தொடங்கும் இடத்தில் நின்று டயர் காற்றைக் குறைக்க வேண்டும். சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருப்பதை 15 முதல் 18 வரை இறக்குங்கள். டயர் தட்டையாகி, தரையில் பதியும் பரப்பு கூடும். ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். காற்று குறைந்த டயரோடு சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், அதனால் வேகமும் வேண்டாம், வெட்டித் திருப்புவதும் வேண்டாம். பிரேக்கை அழுத்தி நிறுத்தாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மணலே நிறுத்திவிடும். நிறுத்தும்போது வண்டியின் முகம் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கட்டும், மறுபடி கிளம்பச் சுலபம். சரிவின் குறுக்கே ஒருபோதும் ஓட்டக் கூடாது, வண்டி உருண்டுவிடும். ஏறினால் நேராக ஏறுவது, முடியாவிட்டால் வந்த தடத்திலேயே பின்னோக்கி நேராக இறங்குவது. நீங்கள் பள்ளத்தில்தான் தங்கப்போகிறீர்கள், எனவே குன்று ஏறவே தேவையில்லை. பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு குன்று ஏறிப் பழகாதீர்கள்.

சக்கரம் சுழன்று வண்டி நகராவிட்டால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். நான் செய்த தவறு நிறுத்தாததுதான். எல்லோரும் இறங்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியால் மணலை வாருங்கள், காற்றை இன்னும் இரண்டு மூன்று குறையுங்கள், வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுங்கள். பத்தில் எட்டுத் தடவை இதிலேயே வந்துவிடும். இழுக்க வேண்டியிருந்தால் கயிற்றை வண்டியின் இழுவைக் கொக்கியில் மாட்டுங்கள், பம்பரில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு வரும். இழுக்கும்போது பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். மண்வெட்டி, கயிறு, காற்றழுத்தமானி, வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர், சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகை இரண்டு. இவை இல்லாமல் இறங்காதீர்கள்.

பிதியாவின் வழியாக, அல் வாசில் அல்லது மின்திரிப் பக்கம் இறங்கினால் தெற்கே போகும் தடம் தெளிவாகத் தெரியும். அதிலிருந்து சற்று விலகி, பள்ளத்தின் ஓரத்தில், குன்றின் அடிவாரத்தில் இடம் பாருங்கள். தடத்தின் மேலேயே கூடாரம் போடக் கூடாது, இரவில் விளக்கைப் போடாமல் வரும் வண்டிகள் உண்டு. குன்றின் செங்குத்தான பக்கத்தின் நேர் கீழும் கூடாது, மேலிருந்து வண்டி பாயலாம். வாடி எனப்படும் காட்டாற்றுப் படுகையில் தங்கவே கூடாது. இங்கே மழை குளிர்காலத்திலும் வரும், மலையில் எங்கோ பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். உயரமான கம்பில் சிவப்புத் துணி கட்டி நடுங்கள். பிள்ளைகள் விளையாடப் போனால் அதைப் பார்த்துத் திரும்புவார்கள். எல்லாக் குன்றும் ஒன்றுபோலவே இருக்கும், பெரியவர்களே குழம்பிவிடுவோம். எங்கள் வீட்டுச் சட்டம்: கழுத்தில் ஒரு விசில், முதல் முகட்டைத் தாண்டக் கூடாது.

சாதாரணக் கூடார ஆணி இந்த மணலில் நிற்காது. பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். அந்தப் பை எந்த ஆணியையும்விட உறுதி. கிளம்பும்போது எல்லாப் பைகளையும் எண்ணி எடுத்துவிடுங்கள். ஒட்டகங்கள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடுகின்றன. வயிற்றில் கல்லாகச் சேர்ந்து சாகின்றன. பெதுயின் வீடுகளில் இதைச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பகலில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், கொடைக்கானல் வெயில் போல இதமாக. சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேடுவீர்கள். விடியற்காலையில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே. மேகம் இல்லை, மணலோ வெப்பத்தைப் பிடித்துவைக்கத் தெரியாதது, எனவே பகலில் வாங்கிய சூட்டை எல்லாம் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஊரில் நாம் குளிருக்கு மேலே போர்த்துவோம். இங்கே குளிர் கீழேயிருந்து வரும். மேலே இரண்டு கம்பளி போட்டாலும் அடியில் ஒரு மெல்லிய பாய் மட்டும் இருந்தால் முதுகு நடுங்கும். அடியில் நல்ல கனமான நுரைப் பாய் போட்டு, அதன் மேல் ஜமுக்காளம் விரித்து, அதற்கு மேல் படுக்கையைப் போடுங்கள். காற்றடைத்த மெத்தை வேண்டாம், உள்ளே உள்ள காற்றே குளிர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு மாலை ஐந்து மணிக்கே, வியர்வை ஈரத்தோடு இருக்கும் சட்டையைக் கழற்றிவிட்டு உலர்ந்த உடை, குல்லா, காலுறை மாட்டிவிடுங்கள். நடுங்கத் தொடங்கிய பிறகு மாட்டினால் சூடு ஏற நெடுநேரம் ஆகும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள், அது போதும்.

பலர் எதிர்பார்க்காத ஒன்று பனி. இங்கே அரபிக்கடல் தூரத்தில் இல்லை. பல இரவுகளில் கடலிலிருந்து ஈரக்காற்று மணலுக்குள் வரும், விடியும்போது கூடாரத்தின் வெளித்துணி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருக்கும். இரவில் நாற்காலி, செருப்பு, விறகு எதையும் வெளியே விடாதீர்கள். உங்களுக்குத் தொந்தரவாகத் தோன்றும் அந்த ஈரத்தில்தான் இந்த மணலின் உயிர்கள் பிழைத்துக் கிடக்கின்றன. பிரிட்டனின் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி 1985-86இல் இங்கே ஒரு பெரிய ஆய்வுக்குழுவை அனுப்பியது. சுமார் 150 வகைச் செடிகொடிகளைப் பதிவு செய்தார்கள். வெறும் மணல் என்று நாம் நினைக்கும் இடத்தில்.

அந்த உயிர்களைப் பார்க்கத் தனியாக எங்கும் போக வேண்டாம். காலை ஆறே முக்காலுக்குச் சூரியன் எழும். அதற்குக் கால் மணி முன்னால் பிள்ளைகளை எழுப்பி, கூடாரத்தைச் சுற்றி நூறு அடி நடக்கவிடுங்கள். இரவில் நடந்தது எல்லாம் மணலில் எழுதியிருக்கும். வண்டு நடந்த தடம் தையல் போட்டது போல இரண்டு வரிசையாகப் போகும். நரி உங்கள் குப்பைப் பையை மோந்து பார்த்துவிட்டுப் போன தடம் ஒரே கோட்டில் வரும். நடுவில் வாலை இழுத்த கோடு இருந்தால் பல்லி. திடீரென்று முடிந்துபோகும் தடமும் உண்டு: மணலுக்குள் நீந்தும் அரணை அங்கே முங்கியிருக்கும். என் மகன் எட்டு வயதில் ஒரு காலை முழுவதும் ஒரே வண்டின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய், கடைசியில் அதன் வளையைக் கண்டுபிடித்தான். வெயில் ஏறி எட்டு மணிக்குக் காற்று வீசத் தொடங்கினால் எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள் என்கிறேன். முதல் இரவு அலுப்பில் போய்விடும், பாலைவனம் கண்ணில் படுவது இரண்டாம் நாள்தான். மணலில் சறுக்கி விளையாடுவதையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பனி ஈரத்தில் மேல்மணல் கெட்டியாக இருக்கும், ஏறுவதும் சுலபம். நான்கு சக்கர பைக் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பாம்பு, தேள் பயம் இயல்பு. மணல் விரியன் உண்டு, தேளும் உண்டு. குளிர்கால இரவுகளில் அவற்றின் நடமாட்டம் குறைவு, ஆனாலும் செருப்பைத் தட்டிப் போடுவது, கூடார ஜிப்பை எப்போதும் மூடிவைப்பது, விளக்கு இல்லாமல் இரவில் நடக்காமல் இருப்பது, விறகைக் கையால் துழாவாமல் இருப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு முதல் மணி நேரத்திலேயே பழக்கிவிடுங்கள்.

விறகைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கே ஆங்காங்கே நிற்கும் பெரிய மரத்தின் பெயர் காஃப். கிழக்கு ஓரத்தில் அது ஒரு காடாகவே நிற்கிறது. உங்கள் அம்மாவை அதன் அடியில் கூட்டிக்கொண்டுபோய் இலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கும் அதே மரம். விஜயதசமிக்கு நாம் கும்பிடும் அதே வன்னி. வேர் முப்பது மீட்டர் ஆழம் வரை இறங்கித் தண்ணீர் தேடும். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தழை, மனிதனுக்கு நிழல், எல்லாம் அந்த ஒரு மரத்திலிருந்து. ஒரு கொப்பைக்கூட ஒடிக்காதீர்கள், கீழே கிடக்கும் காய்ந்ததையும் எடுக்காதீர்கள், அது அங்கே வாழ்பவர்களின் அடுப்புக்கு. மஸ்கட்டிலிருந்தே இரண்டு கட்டு விறகு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தீயை ஒரு இரும்புத் தட்டில் மூட்டுங்கள். மணலைப் போட்டு மூடிவிட்டால் தீ அணைந்தது போல இருக்கும், அடியில் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றித்தான் அணைக்க வேண்டும்.

தண்ணீர்: குடிக்க, சமைக்க, கைகால் கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கு. ஐந்து பேருக்கு மூன்று நாள் என்றால் 75 லிட்டர், அவசரத்துக்கு இன்னும் 20 லிட்டர் கேன் ஒன்று. இதைக் குறைக்காதீர்கள்.

சாப்பாட்டில் வீரம் காட்ட வேண்டாம். முதல் நாள் மதியத்துக்கும் இரவுக்கும் வீட்டிலிருந்தே புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். புளிச்சோறு ஒரு நாள் தாங்கும், காற்றில் மணல் பறந்தாலும் மூடியைத் திறந்து உடனே சாப்பிட்டுவிடலாம். தோசை மாவைப் புளித்த பிறகு ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனால் இரண்டு காலைக்கும் ஆகும். அந்தக் குளிரில் கல்லிலிருந்து எடுத்து நேராகத் தட்டில் விழும் தோசைக்கு ஈடு எதுவும் இல்லை. மாலையில் சுக்குக் காபி. கேஸ் அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் மறைப்பு வையுங்கள், இல்லாவிட்டால் காற்று தீயைத் தின்றுவிடும். இருட்டுவதற்குள் சமையல் முடிந்துவிட வேண்டும்.

அம்மாவுக்கான ஏற்பாட்டைக் கூச்சப்படாமல் முன்பே பேசிவிடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கழிப்பறைக்கு வழி தெரியாவிட்டால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. உயரமான ஒற்றையாள் கூடாரம் ஒன்று, மடக்கும் நாற்காலிக் கழிப்பறை ஒன்று, உள்ளே ஒரு விளக்கு. எல்லோருக்கும் அதுவேதான். குழி ஒரு சாண் ஆழம் இருக்கட்டும், காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தரையில் படுத்து எழ அம்மாவால் முடியாது, மடக்குக் கட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேலும் நுரைப் பாய் வேண்டும். இதெல்லாம் அவருக்குச் சரிப்படாது என்று தோன்றினால், மணலின் ஓரத்திலேயே அறையும் குளியலறையும் உள்ள முகாம்கள் பல உண்டு. அம்மாவும் உங்கள் மனைவியும் மகளும் அங்கே தூங்கட்டும், நீங்களும் மகனும் பக்கத்தில் கூடாரத்தில் படுங்கள். பகல் முழுவதும் எல்லோரும் சேர்ந்தே இருக்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

இரவு வானத்துக்காகத் தேதியை அமாவாசையை ஒட்டி வையுங்கள். பௌர்ணமி நிலவில் மணல் பால் போலத் தெரியும், அதுவும் அழகுதான், ஆனால் நட்சத்திரம் பாதி மறைந்துவிடும். சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குக் கார்த்திகையின் கொத்து தலைக்கு மேலே வந்திருக்கும், அதன் பின்னால் செந்நிறமாக ரோகிணி, கிழக்கே மிருகசீரிடமும் திருவாதிரையும். பாட்டிக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் தெரியும். பஞ்சாங்கத்தில் சொல்லிப் பழகிய பெயர்களுக்கு உரிய நட்சத்திரங்களை வானத்தில் காட்டிய அன்று என் அத்தை வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பத்து மணிக்கு மேல் தெற்கே, தாழ்வாக, தனியாக ஒன்று பளிச்சென்று எரியும். அதுதான் அகத்தியர். அரபியில் சுஹைல். ஆகஸ்ட் கடைசியில் விடியற்காலையில் அது முதலில் தெரிவதை வைத்து, வெயிலின் கொடுமை தணியப்போகிறது என்று இங்குள்ளவர்கள் கணக்கு வைத்தார்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், தேரிக்காட்டுச் செம்மணலில் விளையாடி வளர்ந்தவன். இந்த மணலும் அதே போல இரும்பின் துரு ஏறிச் சிவந்தது. குன்றுகளை நீளவாட்டில் அடுக்கியது தென்மேற்குப் பருவக்காற்று, குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுபோகும் அதே காற்று. இங்கே அது மழை தருவதில்லை, மணலைத்தான் தள்ளுகிறது. உங்கள் மகனுக்கு ஒன்பது வயது என்பதால் இதைச் சொல்லிக் கொடுங்கள், புரியும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குள் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். பிதியாவிலோ அல் வாசிலிலோ டயர் கடையில் காற்று நிரப்பிவிட்டுத்தான் விரைவுச்சாலையில் ஏற வேண்டும். குறைந்த காற்றோடு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் சூடேறி வெடிக்கும். பெரும்பாலும் நம் நாட்டவர்களோ வங்காளதேசத்தவர்களோதான் கடையில் இருப்பார்கள். சில நூறு ஓமானிப் பைசாவில் வேலை முடியும். அங்கிருந்து வாடி பனீ காலித் ஒரு மணி நேரத்துக்குள். மலைக்கு நடுவே பேரீச்சந்தோப்பும், வருடம் முழுவதும் தண்ணீர் நிற்கும் பச்சை மடுக்களும். இரண்டு நாள் மணலுக்குப் பிறகு பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துக் கத்துவார்கள். மடு சட்டென்று ஆழமாகும், பாறை வழுக்கும், இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை இல்லாமல் இறக்காதீர்கள். உள்ளூர்க் குடும்பங்கள் வரும் இடம், உடலை மூடிய உடையோடு குளியுங்கள்.

அன்றிரவு சூரில் விடுதி. எல்லோருக்கும் சுடுதண்ணீர்க் குளியல் தேவைப்படும். அங்கே மரக்கலம் கட்டும் பட்டறை ஒன்று இன்னும் இருக்கிறது, மலபார்த் தேக்கில் கப்பல் செய்து இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஓட்டிய ஊர் அது. நான்காம் நாள் கடலோரச் சாலையில் மஸ்கட் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். வழியில் கல்ஹாத், 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுகம். இங்கிருந்து இந்தியாவுக்குக் குதிரைகள் ஏற்றுமதியானதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டியர்கள் கடல் வழியாகக் குதிரை வாங்கிய காலம் அது. உள்ளே போக அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வாடி ஷாப் நெடுநேரம் பாறை மேல் நடக்க வேண்டிய இடம், அம்மாவுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். அதற்குப் பதில், நிலம் உள்வாங்கி உண்டான பிம்மா பள்ளத்தின் பக்கம் வண்டியை நிறுத்துங்கள், படிக்கட்டும் மேலே உட்கார இடமும் உண்டு. இருட்டிய பிறகு எந்தச் சாலையிலும் ஓட்ட வேண்டாம், ஒட்டகம் குறுக்கே வந்தால் கால்தான் பம்பரில் படும், உடல் கண்ணாடி மேல் விழும்.

கிளம்பும் முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். மழை என்றோ பலத்த காற்று என்றோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். வெள்ளம் ஓடும் வாடியை வண்டியில் கடப்பது இங்கே குற்றமும்கூட. எங்கே தங்குகிறீர்கள் என்று கைபேசி வரைபடத்தில் குறித்து, மஸ்கட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, "மூன்றாம் நாள் மதியத்துக்குள் என் அழைப்பு வராவிட்டால் 9999க்குச் சொல்லுங்கள்" என்று சொல்லிவையுங்கள். அது போலீஸ் அவசர எண்.

இரண்டாவது வண்டிக்கு யாரும் கிடைக்காவிட்டால் உங்கள் வண்டியைப் பிதியாவில் நிறுத்திவிட்டு, முகாம்காரர்களின் வண்டியில் சாமான்களோடு உள்ளே போங்கள். கூடாரம் போடும் இடத்துக்குக் கொண்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து கூட்டிப்போவார்கள், பேசி முடிவு செய்துகொள்ளலாம். மணலில் ஓட்டுவதைப் பிறகு ஒரு நாள், பிள்ளைகள் இல்லாமல், நண்பர்களோடு போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.